செடியிலிருக்கும் பூச்சியை அருகிலிருந்து படமெடுத்தல்

பூச்சிகளைப் படமெடுக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அவற்றைத் துரத்திக்கொண்டே அலைகிறார்கள். அதைவிட, நல்ல செடி ஒன்றைத் தேர்ந்து அதன் முன் அமர்ந்துகொள்வது மேல். அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறுபூச்சிகள் அப்பிக் கிடக்கும் ஓர் இளங்குருத்து கண்ணில் பட்டால் போதும். அசுவினி வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்புகளும், அசுவினியைத் தின்பதற்காகப் பொறிவண்டுகளும் சிர்பிட் என்னும் ஒருவகை ஈயின் புழுக்களும் அங்கே இருக்கும், அல்லது வந்து சேரும்.

நேரம் என்றால் விடியற்காலைதான். பூச்சிகளின் உடல் வெப்பம் பெரிதும் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது என்பதால், இரவின் குளிர் விலகும்வரை அவற்றால் சட்டென்று பறக்க முடிவதில்லை; அந்நேரத்தில் காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். புல் நுனியைப் பற்றியபடி சிறகெங்கும் பனித்துளி கோத்து உறங்கும் தும்பியை, லென்ஸ் ஏறக்குறைய முட்டும் அளவுக்கு நெருங்கிப் படமெடுக்கலாம். வெயில் ஏறி அதன் சிறகுகள் நடுங்கத் தொடங்கிவிட்டால், பறப்பதற்காகத் தசைகளைச் சூடேற்றுகிறது என்று கொள்ள வேண்டும். எஞ்சியிருப்பவை சில நிமிடங்களே.

நெருங்கும்போது நிழல் பூச்சியின் மேல் விழக் கூடாது. பல சிறுகண்கள் சேர்ந்த பூச்சியின் கூட்டுக்கண்கள் அசைவை மிக விரைவாக உணர்பவை, குறிப்பாகப் பக்கவாட்டு அசைவை. ஆகவே தாழ்ந்து, ஒரே நேர்கோட்டில், நின்று நின்று முன்னேற வேண்டும். தும்பி எழுந்து பறந்துவிட்டாலும் இடம் பெயர வேண்டாம். பல வகைத் தும்பிகள் அமர்ந்திருந்த அதே குச்சிக்கே திரும்பி வரும்.

கருவியைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. மிக அருகிலிருந்து பெரிதாகப் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸில் 90 முதல் 105 மி.மீ. வரையிலானது வசதியானது. அது இல்லாதவர்கள், இருக்கும் லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே நீட்டிப்புக் குழாய் (கண்ணாடியில்லாத வெற்றுக் குழாய்) பொருத்தலாம், அல்லது லென்ஸின் முகப்பில் 8 டயாப்டர் (லென்ஸின் திறனைக் குறிக்கும் அலகு) குளோஸ்-அப் லென்ஸை மாட்டலாம். பின்னதில், முடிவிலியில் ஃபோகஸ் வைத்த 200 மி.மீ. லென்ஸ் 12.5 செ.மீ. தொலைவிலுள்ள பொருளை 1.6 மடங்கு உருப்பெருக்கத்தில் காட்டும்.

உண்மையான சிக்கல் கூர்மையாகத் தெரியும் ஆழத்தில் இருக்கிறது. முழுச்சட்டக சென்சாரில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ளது), பூச்சி தன் உண்மை அளவிலேயே பதியும் 1:1 நிலையில், துளையை எஃப் 11 (இந்த எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) என்று வைத்தாலும் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 1.3 மி.மீ. மட்டுமே. எஃப் 22 வரை மூடினால் ஆழம் கூடும் என்று தோன்றும். ஆனால் அருகிலிருந்து எடுக்கும்போது துளை அதைவிட இரு மடங்கு மூடியதுபோலச் செயல்படுவதால், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்புவிலகலால் படம் முழுவதுமே மங்கிவிடும். எனவே கிடைக்கும் ஒரு மில்லிமீட்டரை எங்கே செலவிடுவது என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். பக்கவாட்டில் எடுத்தால் சென்சார் பூச்சியின் உடலுக்கு இணையாக இருக்கட்டும். நேரெதிரே எடுத்தால் கண்கள் மட்டும் கூர்மையாக இருந்தால் போதும், வால் மங்கிப்போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கும்பிடுபூச்சி இதில் நமக்கு உதவுகிறது: அதன் கண்ணில் தெரியும் கரும்புள்ளி கருவிழி அன்று, நம் திசையை நோக்கிய சிறுகண்கள் ஒளியை உள்வாங்கிக்கொள்வதால் எழும் தோற்றமே அது, ஆகவே எந்தக் கோணத்தில் எடுத்தாலும் அது நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும்.

தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, வேண்டிய உருப்பெருக்கத்தில் லென்ஸை நிறுத்தி, உடலை மிக மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்து, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துவதே நம்பகமான முறை. பூச்சி அமைதியாக இருந்தால், இடக்கை விரல்களால் காம்பை மெல்லப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைத் தாங்கிக்கொள்ளலாம். செடி ஆடினால் கேமராவும் சேர்ந்தே ஆடுவதால் ஃபோகஸ் தவறாது. காற்று வீசும் நாள்களில் முக்காலியைவிட இதுவே பயன்படுகிறது என்பது என் அனுபவம்.

ஃபிளாஷைக் குறைந்த ஆற்றலில் வைத்தால் அதன் ஒளி மிகக் குறுகிய நேரமே மின்னி, சிறு அசைவுகளையும் உறையவைத்துவிடும். ஷட்டர் 1/200 நொடி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 200 என்று தொடங்கலாம். வண்டின் பளபளக்கும் முதுகில் வெள்ளைத் திட்டு விழாமலிருக்க, ஃபிளாஷ் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் பெரிதாகவும் பூச்சிக்கு மிக அருகிலும் இருக்க வேண்டும். மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை வளைத்துக் கட்டினாலே போதுமானது. பின்புலம் கன்னங்கரேலென்று வந்தால், ஃபிளாஷ் ஒளி அவ்வளவு தூரம் எட்டவில்லை என்று பொருள். பூச்சிக்குச் சற்றுப் பின்னால் ஓர் இலை அமையும்படி கோணத்தை மாற்றினால் பச்சை வந்துவிடும்.

அசையாதிருக்கட்டும் என்று பூச்சியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைப்பவர்களும் உண்டு. அது கொடுமை என்பதோடு, கால்கள் தளர்ந்து கிடப்பதிலேயே படத்தின் பொய் தெரிந்துவிடும்.

எழுந்துகொள்ளும் முன், எடுத்த படத்தைக் கேமராத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிக் கண்ணின் கூர்மையைச் சரிபாருங்கள். எழுந்த பிறகு பார்த்துப் பயனில்லை. அதற்குள் பூச்சி போயிருக்கும்.