காரைக்குடி ஹாஸ்டல்வாசிகளே, எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு?

காரைக்குடிப் பக்கம் கல்லூரி, பல்கலைக்கழக ஹாஸ்டலில் தங்கியிருந்தால் முதலில் பார்சல் சாப்பாட்டைக் கவனியுங்கள். சாம்பார் ஒட்டிய கவரை அப்படியே உலர் குப்பைக்கான நீலத் தொட்டியில் போட்டால், உள்ளே கிடக்கும் நல்ல பேப்பர், அட்டை எல்லாம் ஊறிப்போகும். ஊறிய பேப்பரைக் காயலான் கடைக்காரர் தொட மாட்டார். மிச்சச் சோறும் வாழையிலையும் ஈரக் குப்பைக்கான பச்சைத் தொட்டிக்கு. கவரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, உதறி, நீலத்தில் போடுங்கள்.

டீ கப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிழித்துப் பாருங்கள், உள்பக்கம் மெல்லிய சவ்வு உரியும். அது பிளாஸ்டிக் பூச்சு. பேப்பர் கட்டோடு சேர்க்கக் கூடாது. இந்த வகைக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை (கேண்டீன்களுக்கு இன்னும் சேதி போகவில்லை போல!). பேசாமல் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள்.

சானிட்டரி நாப்கின், பிளேடு இரண்டையும் தனித்தனியாகப் பேப்பரில் சுற்றி, மேலே அடையாளம் போட்டுக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர்கள் பல இடங்களில் வெறுங்கையால்தான் பிரிக்கிறார்கள்.

அப்புறம், ரூம் காலி செய்யும்போது பழைய பேட்டரி, சார்ஜர், டியூப் லைட்டை மூலையில் விட்டுப் போகாதீர்கள். டியூப்பில் பாதரசம் இருக்கும், உடைக்க வேண்டாம். மின்கழிவு எங்கே வாங்குகிறார்கள் என்று வார்டனிடம் கேட்டு அங்கேயே ஒப்படையுங்கள்.