லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் கோயிலுக்குக் கிளம்பும் முன்

ராணுவத்தில் பதினேழு வருடம், அப்புறம் மன்னார்குடியில் ஒரு வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு எட்டு வருடம். இப்போது கும்பகோணம் பக்கம் ஒரு கோயிலில் எனக்கு வாசல் காவல் வேலை. லைசென்ஸ் இருந்தால் இடுப்பில் செருகிக்கொண்டு சாமி கும்பிட வரலாமா என்று கேட்கிறார்கள். வரக்கூடாது.

1988-ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று, ஆயுதம் வைத்திருப்பவரை வழிபாட்டுத் தலத்துக்குள் விடக்கூடாது என்கிறது. நம் கோயிலுக்கு மட்டுமல்ல, நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் அதேதான். சீக்கியர் இடுப்பில் தரிக்கும் குறுவாளான கிர்பானுக்கும், வழக்கமான சடங்குக்கு உரிய ஆயுதங்களுக்கும் விலக்கு உண்டு. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். இதில் முதலில் மாட்டுவது கோயில் நிர்வாகிதான். உங்கள் ரிவால்வருக்காக இன்னொருவர் கோர்ட் படி ஏற வேண்டுமா?

மறைத்து வைத்தால் தெரியாது என்று நினைக்காதீர்கள். போன தை வெள்ளியன்று ஒரு பெரியவர் பேரனோடு வந்தார். கொடிமரத்தருகே சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் சுற்றினார். பச்சை பெல்ட்டின் பின்பக்கம் தோல் உறை. அப்படியே விழுந்து கும்பிடக் குனிகிறார், பேரன் முதுகில் ஏறப் பார்க்கிறான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

வாசலில் நிற்கும் தம்பிகள் இதைக் கவனியுங்கள். கத்தக்கூடாது, கூட்டம் சிதறினால் மிதிபட்டே ஆள் போய்விடும். துப்பாக்கியைக் கையில் வாங்கவும் கூடாது, தோட்டாவை எடுக்கச் சொல்லவும் கூடாது. “ஐயா, ஆபீஸ் வரைக்கும் ஒரு நிமிஷம் வாங்க” என்று வெளியே அழைத்துப் போய், விஷயத்தைச் செயல் அலுவலரிடம் சொல்லுங்கள். போலீசுக்குத் தகவல் சொல்வது அவர் பொறுப்பு. முரண்டு பிடித்தால் நீங்களே 100-க்கு அடித்துவிடுங்கள். அந்தப் பெரியவர் தகராறு செய்யவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து லைசென்ஸைப் பார்த்தார்கள். வீட்டில் வைத்துவிட்டு சாயரட்சைக்குத் திரும்பி வந்தார்.

ஆக, வீட்டிலேயே வையுங்கள். தோட்டாக்களை எடுத்துத் தனியாகப் பூட்டுங்கள், துப்பாக்கியை இரும்புப் பெட்டியில். சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும். காரில் விட்டுவிட்டு வருவதும் சரியில்லை. திருவிழாக் கூட்டத்தில் கண்ணாடியை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நவக்கிரகச் சுற்றுப் பயணம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். திருநள்ளாறு காரைக்காலில், அதாவது புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் லைசென்ஸ் அங்கே செல்லாது. அது போகட்டும், நளன் குளத்தில் முழுகும்போது அதை யாரிடம் கொடுப்பீர்கள்? வீட்டில் ஆள் இல்லாத நாட்களில், பாதுகாப்பில் வைத்துக்கொள்ள உரிமம் உள்ள ஆயுதக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

ஆயுத பூஜைக்கும் கோயிலுக்குத் தூக்கி வர வேண்டாம். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வீட்டுச் சாமி படத்தின் முன் சந்தனம் குங்குமம் வையுங்கள். பூஜை முடிந்ததும், பிள்ளைகள் சுண்டலுக்கு ஓடி வருவதற்குள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.