30 நாளா, 60 நாளா? அமெரிக்க மருத்துவக் காப்பீட்டில் தவறிப்போகும் கெடு

அமெரிக்காவில், ஆண்டுதோறும் அனைவரும் காப்பீட்டில் சேரக்கூடிய பொதுச் சேர்க்கைக் காலம் முடிந்த பிறகும், திருமணம், குழந்தைப் பேறு, வேலையிழப்பு, இடமாற்றம் போன்றவை நேர்ந்தால் மருத்துவக் காப்பீட்டில் சேரச் சிறப்புச் சேர்க்கைக் காலம் உண்டு. எல்லாவற்றுக்கும் கெடு ஒன்றே என்று எண்ணிவிடுவதுதான் பெரும் இழப்பைத் தரும் தவறு. மார்க்கெட்பிளேஸ் எனப்படும் அரசுச் சந்தையில் அது பொதுவாக 60 நாள். அலுவலகக் காப்பீட்டிலோ, இந்நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டம் உறுதி செய்வது 30 நாள் மட்டுமே.

இதில் அதிகம் சிக்குபவர்கள் குழந்தை பெற்றவர்கள். மருத்துவமனையில் பிறப்பைப் பதிந்தாலே காப்பீட்டிலும் சேர்ந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். குழந்தைக்கு அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் தபாலில் வரட்டும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். எண் கைக்கு வராவிட்டாலும் 30 நாளுக்குள் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிட்டால், காப்பீடு பிறந்த நாளிலிருந்தே செல்லுபடியாகும். கெடு கடந்தால், பச்சிளங்குழந்தைக்கான முதல் மாதச் செலவு முழுவதும் பெற்றோர் தலையில் விழக்கூடும். கருவுற்றிருப்பது மட்டும் பெரும்பாலான மாநிலங்களில் சேர்க்கைக்குரிய நிகழ்வாகாது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

வேலையைத் தாமே விட்டவர்களுக்கு வாய்ப்பில்லை என்பது தவறான எண்ணம். வேலையோடு காப்பீடும் போய்விட்டால் அவர்களுக்கும் மார்க்கெட்பிளேஸின் அந்த 60 நாள் உண்டு. ஆனால் பிரீமியம் கட்டாமல் காப்பீட்டை இழந்தவருக்குக் கிடையாது. வேலை போன பின்னும் அலுவலகக் காப்பீட்டில் நீடிக்க வழிசெய்யும் கோப்ரா (COBRA) சட்டத்திலும் கவனம் தேவை. அதில் பழைய அலுவலகக் காப்பீடே தொடர்ந்தாலும், நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து மொத்தச் செலவில் 102 விழுக்காடு வரை நாமே கட்ட நேரிடும். சில மாதம் கட்டிவிட்டு, தாங்க முடியாமல் நிறுத்தினால், அவ்வாறு நிறுத்துவது புதிய வாய்ப்பைத் தராது. அடுத்த பொதுச் சேர்க்கை வரை காத்திருக்க வேண்டியதுதான். எனவே மார்க்கெட்பிளேஸ் திட்டங்களோடு ஒப்பிடுவதை, அலுவலகக் காப்பீடு போன முதல் 60 நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

மார்க்கெட்பிளேஸில், வீடு மாறியதைக் காரணம் காட்டுபவர் அதற்கு முந்தைய 60 நாளில் ஒரு நாளாவது காப்பீடு பெற்றிருந்திருக்க வேண்டும். திருமணமானால், தம்பதியரில் ஒருவருக்காவது அது இருந்திருக்க வேண்டும். இந்தியா போன்ற வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுவோருக்கு இந்த நிபந்தனை இல்லை.

திட்டத்தைத் தேர்ந்தெடுத்த பின் சான்றுகளை அனுப்பப் பொதுவாக 30 நாள் தருவார்கள். ஆகவே காப்பீடு முடியும் தேதியைக் குறிப்பிடும் கடிதத்தை, வேலையிலிருந்து விடைபெறும் நாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.