கோயில் கல்வெட்டிலிருந்து பாண்டியன் வருமானத்தைக் கணக்கெடுப்பது எப்படி

சேரன்மகாதேவி, மன்னார்கோயில், அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிப் பகுதியில் பழைய கோயில் எதற்குப் போனாலும் சுவரில் நிலம், நெல், காசு என்று கணக்குதான் ஓடும். அரசனின் வருவாய்ப் பதிவேடுகள் பனையோலையில் இருந்தன, அழிந்துவிட்டன. கோயிலுக்கு விட்டுக்கொடுத்த பங்கு மட்டும் கல்லில் ஏறியதால் தப்பியது. ஆகவே விட்டுக்கொடுத்ததை வைத்துத்தான் வாங்கியதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முற்காலப் பாண்டியர் கல்வெட்டு வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் இருக்கும். பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. அச்சான வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைப் பாருங்கள். முதலில் ஆட்சியாண்டு. 'நான்காவதின் எதிர் பன்னிரண்டு' என்றிருந்தால் இரண்டையும் கூட்டிப் பதினாறாம் ஆண்டு என்று கொள்ள வேண்டும். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் பன்னிரண்டு வருடம் தவறிவிடும்.

அடுத்து அளவு வாய்பாடு. 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். ஆகக் கலத்துக்கு 96 நாழி. நிலத்தில் வேலிக்கு 20 மா, மாவுக்கு 4 காணி, காணிக்கு 4 முந்திரிகை. எந்தக் கோலால் நிலம் அளந்தார்கள், எந்த மரக்காலால் நெல் அளந்தார்கள் என்று கல்வெட்டு பெயர் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோலும் மரக்காலும் இடத்துக்கு இடம் மாறும். பெயர் பார்க்காமல் இரண்டு ஊர் விளைச்சலை ஒப்பிடுவது வீண் வேலை.

பழகிப் பார்க்க அம்பாசமுத்திரம் வரகுண மகாராஜன் கல்வெட்டைவிட நல்லது கிடையாது. தொண்டைநாட்டுப் பெண்ணைக் கரை அரைசூரில் இருந்தபடி அரசன் 290 காசை முள்ளிநாட்டு இளங்கோய்க்குடி ஊர்ச் சபையிடம் கோயிலுக்காகக் கொடுக்கிறான். முதல் தொகையில் கை வைக்கக் கூடாது. காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் பொலிசை, அதாவது வட்டி. 290-ஐ 2-ஆல் பெருக்கினால் 580 கலம், அதாவது 55,680 நாழி. வருடத்தை 360 நாளாக வைத்தால் நாளுக்கு 154⅔ நாழி. கலத்தில் சொன்னால் ஒரு கலம், ஒரு தூணி, ஒரு பதக்கு, ஒரு குறுணி, மிச்சம் 2⅔ நாழி. இது வரி அல்ல, அரசன் போட்ட முதலீடு. பொறுப்பு சபையின் தலையில்; அரசனுக்குத் தண்டல்காரன் செலவுகூட இல்லை. நிர்வாகத் திறமை என்றால் இதுதான்.

வரிக் கல்வெட்டில் கடமை, அந்தராயம், வெட்டிப்பாட்டம், பஞ்சுபீலி, சந்துவிக்கிரகப்பேறு, தறியிறை, செக்கிறை என்று வரிப்பெயர்கள் வரிசையாக வரும். கடமை நிலத்துக்கு, பெரும்பாலும் நெல்லாக. அந்தராயம் பெரும்பாலும் காசாக. வெட்டிப்பாட்டம் கூலியில்லா ஊழியத்துக்கு ஈடு. தறியும் செக்கும் தொழிலுக்கு. நெல்லையும் காசையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள், ஒன்றாகக் கூட்டாதீர்கள்.

எல்லாரும் சறுக்குவது 'இறையிலி', அதாவது வரியில்லா நிலம் என்ற இடத்தில். அரசனுக்குப் போன கடமை கோயிலுக்கோ பிரமதேயத்துக்கோ (பிராமணருக்குக் கொடுத்த ஊர்) திருப்பிவிடப்பட்டது என்பதுதான் பெரும்பாலும் பொருள். உழுதவன் அளந்துகொண்டேதான் இருந்தான். 'காராண்மை மீயாட்சி உள்ளடங்க' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். காராண்மை உழவுரிமை, மீயாட்சி அதற்கு மேலுள்ள உரிமை. இரண்டும் சேர்ந்து போயிருந்தால் நிலமே கைமாறியது. கடமை மட்டும் போயிருந்தால் பழைய குடி அப்படியே இருக்கும்.

இன்னொரு பிழை, ஒரே கொடையை மூன்றாக எண்ணுவது. அரசன் ஓலை தனியாக, வரித் திணைக்களத்தார் கையெழுத்திட்ட உள்வரி என்ற வரிப்பதிவு தனியாக, சபையின் முடிவு தனியாக வெட்டப்பட்டிருக்கலாம். ஊர்ப்பெயர், ஆண்டு, நில அளவு மூன்றும் ஒத்துப்போனால் ஒரே கணக்கு.

இத்தனை செய்தாலும் கிடைப்பது வயல் வருமானம்தான். கொற்கை முத்துக்குளிப்பைத் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு நடத்தினார்கள் என்று முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு என்கிறார். காயல் துறையில் குதிரை இறங்கியதையும் எழுதியிருக்கிறார். கடல் வருமானத்துக்கு இப்படி வெளியார் குறிப்பைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். வயல் கணக்கோடு கலக்க வேண்டாம்.