ரெலிக்: பேயைத் தேடினால் படம் கைநழுவும்

'ரெலிக்' 2020இல் வந்த ஆஸ்திரேலியத் திகில் படம். இயக்குநர் நாட்டலி எரிகா ஜேம்ஸுக்கு முதல் முழுநீளப் படம். தனியாக வசிக்கும் பாட்டி எட்னாவைக் காணவில்லை என்று தகவல் வர, மகள் கேயும் பேத்தி சாமும் மெல்போர்னிலிருந்து கிளம்பி அந்த வீட்டுக்கு வருகிறார்கள். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே புரியல" என்பவர்கள் உண்டு. பெரும்பாலும் பார்க்கிற விதத்தில்தான் கோளாறு. முடிவையும் சேர்த்தே பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் தவறு, பேய் யார் என்று துப்பறிவது. சுவருக்குப் பின்னால் சத்தம், பரவிக்கொண்டே போகும் கருப்புப் பூஞ்சை, பழைய குடிசையிலிருந்து கொண்டுவந்து பொருத்திய வண்ணக் கண்ணாடி என்று படம் நிறையவே காட்டுகிறது. குடும்பத்து முன்னோர் ஒருவர் அந்தக் குடிசையில் கவனிப்பாரின்றிச் செத்தார் என்று தெரிந்ததும், "சரி, அவர் ஆவிதான்" என்று ஃப்ளாஷ்பேக்குக்குக் காத்திருப்போம். அது வராது. ஒருவரைத் தனியே சாகவிட்ட குடும்பம் இப்போது எட்னாவையும் தனியே விட்டிருக்கிறது என்பதுதான் அங்கே செய்தி. எட்னாவுக்கு வந்திருப்பது மறதி நோய். படத்தின் பேய் அதுதான்.

அலமாரி வழியாக உள்ளே போகும் சாம் வழி தெரியாமல் மாட்டிக்கொள்ளும் காட்சியில், வீட்டின் அமைப்பை மனதுக்குள் வரைந்து பார்ப்பதும் வேண்டாத வேலை. மறதி நோய் முற்றியவர்களுக்குப் பல வருஷம் வாழ்ந்த வீட்டிலேயே வழி தவறும். அந்தத் தவிப்பை நமக்குள் கடத்தத்தான் சுவர்கள் நெருக்குகின்றன.

அடுத்தது, எட்னாவை வில்லியாகப் பார்ப்பது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. காணாமல் போய்த் திரும்பி வந்த எட்னா ஆசையாகத் தன் மோதிரத்தைப் பேத்தி விரலில் போட்டுவிடுகிறாள். அப்புறம் ஒரு சமயம் அதே மோதிரத்தைப் பார்த்து, திருடிவிட்டாய் என்று கத்தி, விரல் வலிக்க வலிக்கப் பிடுங்குகிறாள். பேய் பிடித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் மறதி நோய் உள்ள பெரியவர்கள் பணம் காணோம், நகை காணோம் என்று வீட்டு ஆட்கள் மேலேயே பழி போடுவது சாதாரணமாக நடப்பது. கொடுத்தது நினைவில் இல்லை, பொருள் மட்டும் இன்னொருவர் கையில் இருக்கிறது. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது திருட்டுதானே? எட்னா குடும்பப் புகைப்படங்களைத் தின்பதும், ஆல்பத்தை மண்ணில் புதைப்பதும் இந்த வகைதான். வீட்டுக்குள் வைத்திருந்தால் பறிபோய்விடும் என்ற பயம். தான் யார் என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி அந்தப் படங்கள்தான்.

முடிவைத் தோல்வி என்று எடுத்துக்கொள்வதும் தவறு. தப்பித்துப் போயிருக்கக்கூடிய கே, திரும்பி வந்து அம்மாவைப் படுக்கையில் கிடத்தி, உடலில் எஞ்சியிருக்கும் தோலை மெதுவாக உரித்தெடுக்கிறாள். உள்ளே இருப்பது கருத்துச் சுருங்கிய ஓர் உருவம். அதன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். பார்க்கக் கஷ்டமான காட்சிதான். ஆனால் நோயாளியைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டவர்களுக்கு அந்தக் கைகளின் நிதானம் புரியும். முகமும் பெயரும் பேச்சும் போன பிறகும் இவள் என் அம்மா என்று கே முடிவு செய்கிறாள். அல்சைமர் என்ற மறதி நோய் வந்த தன் ஜப்பானியப் பாட்டியைப் பார்க்கப் போனபோது அவருக்குத் தன்னை அடையாளம் தெரியாமல் போனதிலிருந்துதான் இந்தப் படம் பிறந்தது என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் கேயின் உடலிலும் ஒரு கருப்புத் தடம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு வந்தால் எனக்கும் கட்டாயம் வரும் என்று பயந்துவிட வேண்டாம். ஒற்றை மரபணுக் கோளாறால் நேரடியாகக் கடத்தப்படும் அல்சைமர் மிக அரிது, அதுவும் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். மற்றபடி பெற்றோருக்கு இருந்தால் வாய்ப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான். வீட்டில் யாருக்காவது மறதி கூடினால் வயசாகிவிட்டது என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியும்.