50 மாநிலங்களையும் காரில் சுற்ற நினைக்கிறீர்களா?

அமெரிக்காவின் 50 மாநிலங்களையும் ஒரே மூச்சில் ஓட்டி முடிக்க நினைக்க வேண்டாம். பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வடகிழக்கில் மாநிலங்கள் சிறியவை. பாஸ்டனிலிருந்து கிளம்பினால் ஒரே வாரத்தில் நியூ இங்கிலாந்தின் 6 மாநிலங்களையும் தொட்டுவிடலாம். மெய்னை அப்போதே சேர்த்துவிடுங்கள். அதற்கு நியூ ஹாம்ப்ஷயர் தவிர வேறு அண்டை மாநிலமே கிடையாது. விட்டால் பிறகு அதற்கென்றே போய்வர வேண்டியிருக்கும்.

மேற்கே தூரம் அதிகம், பெட்ரோல் பங்க் குறைவு. டேங்க் பாதியானதுமே நிரப்பிவிடுங்கள். மொன்டானா, வயோமிங் மலைச்சாலைகள் பல குளிர்காலத்தில் பனியால் மூடிவிடும். ஜூலை முதல் செப்டம்பருக்குள் போவது நல்லது.

அப்புறம், அலாஸ்காவுக்குக் காரில் போவதென்றால் கனடா வழியாகத்தான். இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்கள் கனடா விசா, அமெரிக்காவுக்குத் திரும்பும் அனுமதி இரண்டையும் கிளம்பும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹவாய்க்கு விமானம்தான்.