அந்த எண் எதை எண்ணுகிறது? சமூகப்பணி ஆய்வில் மேற்கோள் கணக்கு பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

முனைவர் பட்ட மாணவி ஒருவர் தன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை என்னிடம் படிக்கக் கொடுத்திருந்தார். அதில் ஒரு வரைபடம். குழந்தைகள் பாதுகாப்பு பற்றிய சமூகப்பணிக் கட்டுரைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போய், கடைசி ஆண்டில் தடாலென்று பாதிக்குக் கீழே விழுந்திருந்தது. அந்த வீழ்ச்சிக்கு ஒன்றரைப் பக்கம் விளக்கம் வேறு: நிதி குறைந்துவிட்டது, ஆய்வாளர்களின் கவனம் மனநலம் பக்கம் திரும்பிவிட்டது, இப்படி. தரவுத்தளத்தில் எப்போது தேடினீர்கள் என்று கேட்டேன். ஜூன் மாதம் என்றார். ஆண்டு பாதிதான் ஓடியிருந்தது. வரைபடமும் பாதிதான் காட்டியது. அவ்வளவுதான் விஷயம்.

சிரிக்க வேண்டாம், அச்சான கட்டுரைகளிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். ஆண்டு முடிந்த பிறகும்கூட அந்த ஆண்டின் இதழ்கள் தரவுத்தளத்தில் முழுமையாக ஏறச் சில மாதங்கள் ஆகும். அதனால் கடைசி ஆண்டை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் புள்ளிக்கோடாகப் போட்டு 'முழுமையற்றது' என்று எழுதுங்கள். தேடிய தேதியையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

வீழ்ச்சி பொய்யாவது போல ஏற்றமும் பொய்யாகும். வெப் ஆஃப் சயன்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் 2015-இல் 'எமர்ஜிங் சோர்சஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்ற புதிய இதழ்ப் பட்டியல் தொடங்கியது. அதுவரை உள்ளே வராத ஏராளமான இதழ்கள் அதன் வழியாக வந்தன. அந்தப் பட்டியலையும் சேர்த்துத் தேடினால் அதையொட்டிய ஆண்டுகளில் எந்தத் தலைப்பும் வளர்ந்ததுபோலத்தான் தெரியும். வளர்ந்தது துறையா, பட்டியலா என்று பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு: எண்ணிக்கையைப் போடாமல் பங்கைப் போடுங்கள். ஒரு தலைப்பில் 40 கட்டுரைகள் 80 ஆகியிருக்கலாம். அதே காலத்தில் சமூகப்பணிக் கட்டுரைகள் மொத்தம் 1,000-இலிருந்து 2,500 ஆகியிருந்தால், அந்தத் தலைப்பின் பங்கு 4 சதவீதத்திலிருந்து 3.2-ஆகக் குறைந்திருக்கிறது. 'இரட்டிப்பு வளர்ச்சி' என்று தலைப்பு வைத்தவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

தேடுசொல்லில் தொடங்கும் கோளாறு

'சோஷியல் ஒர்க்' என்ற இரண்டு சொற்களை மேற்கோள்குறி போடாமல் தேடிப் பாருங்கள். சமூக ஊடகம் பற்றிய கணினிக் கட்டுரை வரும். சுருக்கத்தில் எங்கோ 'சோஷியல்' இருக்கும். 'எங்கள் அடுத்த ஒர்க்' என்று கடைசி வரியில் இன்னொரு சொல் இருக்கும். இரண்டும் இருப்பதால் தரவுத்தளம் அதையும் அள்ளிக் கொடுத்துவிடும். பல்லாயிரம் முடிவுகள் வந்ததும் துறை பெரிதாகிவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

சரி, மேற்கோள்குறி போட்டாயிற்று. இப்போது கோளாறு எதிர்ப்பக்கம் போகிறது. சமூகப்பணியாளர்கள் எழுதும் எல்லாக் கட்டுரைகளிலும் அந்தப் பெயர் இருக்காது. பிரிட்டனில் 'சோஷியல் கேர்' என்பார்கள். அமெரிக்காவில் 'சைல்டு வெல்ஃபேர்' என்பதை இன்னொரு நாட்டில் 'சைல்டு புரொடெக்‌ஷன்' என்பார்கள். முதியோர் பராமரிப்பு, போதை மீட்பு, மருத்துவமனைப் பணி பற்றியெல்லாம் எழுதுபவர்கள் அந்தந்தத் துறை இதழ்களுக்கே போய்விடுகிறார்கள். இதழ்களின் பட்டியலை வைத்துத் தேடினாலும் முழுமை கிடைக்காது. 'சோஷியல் ஒர்க்' பிரிவில் மேலே நிற்கும் 'சைல்டு அப்யூஸ் அண்ட் நெக்லெக்ட்' போன்ற இதழ்களில் குழந்தை மருத்துவர்களும் உளவியலாளர்களும் ஏராளமாக எழுதுகிறார்கள். ஆக, 'சமூகப்பணி ஆய்வு' என்று நீங்கள் சொல்வது எதை? சமூகப்பணித் துறையில் வேலை செய்பவர் எழுதியதையா, சமூகப்பணி இதழில் வந்ததையா, சமூகப்பணியைப் பற்றியதையா? மூன்றும் மூன்று வெவ்வேறு குவியல்கள். எதை எடுத்தாலும் குற்றமில்லை. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றின் பெயரில் முடிவு எழுதுவதுதான் குற்றம்.

இப்போது குமிழ்ப்படம் போடாத ஆய்வேடே இல்லை என்ற நிலை. 'விஓஎஸ்வியூவர்' என்ற இலவச மென்பொருளில் தரவைப் போட்டால் வண்ண வண்ணமாகக் குறிச்சொற்கள் மிதக்கும். ஒருமுறை அப்படி ஒரு படத்தின் நடுவில் 'மனிதர்', 'பெண்', 'வயதுவந்தவர்', 'கட்டுரை' என்ற நான்கு குமிழ்கள்தான் பெரிதாக உட்கார்ந்திருந்தன. பெண்களைப் பற்றிய ஆய்வு அதிகரித்துவிட்டது என்று கீழே விளக்கமும் எழுதியிருந்தார்கள். உண்மையில் அவை ஸ்கோபஸ் தரவுத்தளம் தானாக ஒட்டும் வகைப்பாட்டுச் சொற்கள். ஆய்வில் பங்கேற்றவர்களில் பெண்கள் இருந்தாலே 'பெண்' என்று ஒட்டிவிடும். கட்டுரையாசிரியர் தாமே கொடுத்த குறிச்சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. அதன்பிறகும் ஒருமை பன்மை, சுருக்கப்பெயர், ஒரே பொருள் தரும் வேறு சொற்கள் எல்லாவற்றையும் ஒன்றாக்க ஒரு சொற்பட்டியல் கோப்பு தயாரித்து மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆனால் அந்த ஒரு நாளில்தான் உங்கள் துறை என்னென்ன பெயர்களில் பேசிக்கொள்கிறது என்பதே உங்களுக்குப் புரியும்.

இம்பேக்ட் ஃபேக்டர்: சராசரியின் விளையாட்டு

இந்த எண்ணின் சூத்திரம் மிகவும் எளிது. ஒரு இதழின் 2023-ஆம் ஆண்டு இம்பேக்ட் ஃபேக்டர் வேண்டுமென்றால், 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அது வெளியிட்டவை 2023-இல் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அந்த இரண்டு ஆண்டுகளின் கட்டுரை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தகவல் அறிவியலாளர் யூஜின் கார்ஃபீல்டு இந்த மாதிரி அளவைகளுக்கு வழிபோட்டபோது நூலகங்கள் எந்த இதழை வாங்குவது என்று முடிவெடுப்பதற்கும் அது உதவியது. இன்று பதவி உயர்வுக்கே அளவுகோலாகிவிட்டது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 40 கட்டுரை வெளியிடும் ஒரு இதழ்; இரண்டு ஆண்டில் 80. மேற்கோள்கள் 120. ஆக 1.5. பரவாயில்லையே என்று தோன்றும். அந்த 120-இல் 45 ஒரே ஒரு மதிப்பாய்வுக் கட்டுரைக்கு, அதாவது முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கட்டுரைக்கு, போயிருந்தால்? மீதி 79 கட்டுரைகளுக்கும் சேர்த்து 75. சராசரி ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவற்றில் பல பூஜ்யமாகவும் இருக்கும். உங்கள் கட்டுரை அந்த இதழில் வந்தது என்பதால் அதன் மதிப்பு 1.5 ஆகிவிடாது. இதழின் சராசரியைத் தனிக் கட்டுரையின் தலையில் கட்டுவதுதான் இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு. 'டிராமா, வயலன்ஸ் அண்ட் அப்யூஸ்' என்ற இதழ் சமூகப்பணிப் பிரிவில் உச்சத்தில் நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம் அது மதிப்பாய்வுக் கட்டுரைகளுக்கான இதழ் என்பது. மதிப்பாய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். களத்தில் இறங்கி நாற்பது குடும்பங்களைச் சந்தித்து எழுதிய கட்டுரையை அத்துடன் ஒப்பிடுவது நியாயமில்லை.

இரண்டு ஆண்டு என்ற எல்லையும் நமக்குச் சரிப்பட்டு வருவதில்லை. சமூகப்பணியில் ஒரு தலையீட்டு ஆய்வு எப்படி நடக்கிறது என்று யோசியுங்கள். நிதி வர வேண்டும், நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும், குடும்பங்களைச் சேர்க்க வேண்டும், ஓராண்டு கழித்து மறுபடி போய்ப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும், மதிப்பீட்டாளர்கள் பதில் தர வேண்டும். உங்கள் கட்டுரையைப் படித்து உந்தப்பட்டு ஒருவர் அடுத்த ஆய்வைத் தொடங்கினால் அது அச்சாகும்போது அந்த இரண்டு ஆண்டுச் சாளரம் எப்போதோ மூடியிருக்கும். ஐந்தாண்டுக் கணக்கும் இருக்கிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்கோபஸ் வெளியிடும் இதேபோன்ற அளவையான சைட்ஸ்கோர் இப்போது நான்கு ஆண்டுகளை எண்ணுகிறது. இம்பேக்ட் ஃபேக்டரையும் சைட்ஸ்கோரையும் ஒரே அட்டவணையில் கலந்து போட்டு இதழ்களைத் தரவரிசைப்படுத்தியவர்களும் உண்டு. மீட்டரையும் அடியையும் கூட்டின மாதிரி.

பிற துறைகளோடு ஒப்பிடுவது இதைவிடப் பெரிய அபத்தம். ஒரு புற்றுநோய் மருத்துவ இதழின் இம்பேக்ட் ஃபேக்டர் 200-ஐத் தாண்டியிருக்கிறது. சமூகப்பணி இதழ்களில் ஒற்றை இலக்கமே பெரிய விஷயம். மருத்துவத்தில் ஆய்வாளர்கள் அதிகம், ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலும் வேறு மாதிரி. பல துறையினர் உட்கார்ந்திருக்கும் தேர்வுக் குழுவில் இதை யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால் சமூகப்பணிக்காரர்தான் அடிவாங்குவார். துறைக்குள் எத்தனையாவது இடம், எந்தக் காற்பகுதி என்று சொல்வது கொஞ்சம் நேர்மையானது.

இன்னொரு சிக்கல் அதிகம் பேசப்படுவதில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து, இதழ் எண் ஒதுக்கப்படுவதற்கு முன்பே இணையத்தில் வெளியாகும் கட்டுரைகளில் உள்ள மேற்கோள்களையும், இம்பேக்ட் ஃபேக்டரை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் எண்ணத் தொடங்கியது. கணக்கிடும் முறை மாறியதில் பல இதழ்களின் எண் ஏறியது. கொரோனாக் கட்டுரைகள் வேறு குவிந்தன. பின்னர் பல இதழ்கள் இறங்கின. '2021-க்குப் பிறகு இதழின் தரம் சரிந்தது' என்று எழுதும் முன் இதை நினைவில் வையுங்கள்.

எச்-இண்டெக்ஸ் பற்றிச் சுருக்கமாக. ஓர் ஆய்வாளரை அளக்க இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் சொன்ன கணக்கு இது. குறைந்தது 12 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் 12 இருந்தால் எண் 12. இது ஏறுமே தவிர இறங்காது, ஓய்வுபெற்றவருக்கும் ஏறும். ஆகவே ஐந்து ஆண்டு அனுபவக்காரரையும் முப்பது ஆண்டு அனுபவக்காரரையும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். கூகுள் ஸ்காலரில் வரும் எண் பொதுவாக வெப் ஆஃப் சயன்ஸ் எண்ணைவிடப் பெரிதாக இருக்கும். காரணம், நூல்கள், ஆய்வேடுகள், அறிக்கைகள் எல்லாவற்றையும் அது எண்ணுகிறது. நூல்களும் அரசு அறிக்கைகளும் முக்கியமான நம் துறைக்கு அது ஒருவகையில் நல்லதுதான். ஆனால் ஒரே கட்டுரையை இரண்டு முறை எண்ணுவதும், உங்கள் பெயர்கொண்ட இன்னொருவரின் கட்டுரையை உங்கள் கணக்கில் சேர்ப்பதும் அங்கே சகஜம். ஆய்வாளரைத் தனியாக அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் வாங்கி எல்லாக் கட்டுரைகளிலும் போடுங்கள். உங்கள் ஸ்காலர் பக்கத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது துப்புரவு செய்யுங்கள்.

மேற்கோள் என்றால் பாராட்டு அல்ல

'இவர் சொன்னது தவறு' என்று எழுதினாலும் மேற்கோள் ஒன்று கூடும். கணக்கில் வசையும் வாழ்த்தும் ஒன்றே. மறுபக்கம், ஒரு குழந்தை நலப் பணியாளர் உங்கள் கட்டுரையில் படித்த ஒரு கேள்வியை வீட்டுச் சந்திப்பில் கேட்டுப் பார்க்கிறார், அது வேலை செய்கிறது, பயிற்சிக் கையேட்டில் சேர்த்துவிடுகிறார். எந்தத் தரவுத்தளத்திலும் இதற்கு எண் கிடையாது. களப்பணியாளர்கள் படிப்பார்கள், கட்டுரை எழுத மாட்டார்கள். செயலுக்கான துறையில் மேற்கோளை மட்டும் தாக்கம் என்று சொல்வது எனக்கு எப்போதும் உறுத்தும். கொள்கை ஆவணங்களில் பெயர் வந்திருக்கிறதா என்று காட்டும் கருவிகள் இப்போது உள்ளன. அவையும் முழுமையானவை அல்ல, ஆனாலும் பார்க்கலாம்.

எது அச்சாகிறது என்பதிலேயே சாய்வு இருக்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். வில்லியம் எப்ஸ்டீன் என்ற சமூகப்பணிப் பேராசிரியர் ஒரு பொய்க் கட்டுரை தயாரித்தார். ஆஸ்துமா உள்ள குழந்தையைப் பெற்றோரிடமிருந்து தற்காலிகமாகப் பிரித்துவைக்கும் தலையீடு பற்றியது. ஒரு வடிவத்தில் பலன் கிடைத்தது, இன்னொன்றில் கிடைக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட இதழ்களுக்கு இதில் ஏதாவது ஒன்றை அனுப்பினார். பலன் கிடைத்தது என்று சொன்ன வடிவத்துக்குத்தான் சமூகப்பணி இதழ்களில் வரவேற்பு அதிகம். அதை 1990-இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, இதழாசிரியர்களை ஏமாற்றிவிட்டார் என்று தொழில்முறைச் சங்கத்தில் அவர்மேல் புகாரே போனது. ஏமாற்றியது சரியா என்பது தனி விவாதம். 'இந்தத் தலையீடு பலன் தருகிறது என்றே எல்லா ஆய்வுகளும் காட்டுகின்றன' என்று நீங்கள் எழுதும்போது, பலன் தராதவை எந்த மேசை இழுப்பறையில் கிடக்கின்றன என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அப்புறம், ஏமாற்றுப் பேர்வழிகள். அழைக்காமலே மின்னஞ்சல் வரும்: மூன்று நாளில் மதிப்பீடு, இம்பேக்ட் ஃபேக்டர் 7 என்று. கிளாரிவேட்டின் 'ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ்' பட்டியலில் இல்லாத இம்பேக்ட் ஃபேக்டர் அந்தப் பெயருக்கே உரியதல்ல. இதழின் தளத்தில் போட்டிருப்பதை நம்பாமல் பட்டியலுக்கே போய் இதழின் பெயரையும் அதன் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எண்ணையும் போட்டுப் பாருங்கள். உண்மையான இதழின் பெயரைத் திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு.

உங்கள் சொந்தத் தன்விவரக் குறிப்பில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். ஆய்வு மதிப்பீடு குறித்த சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013-இல் வெளியானது. தனிக் கட்டுரையையோ ஆய்வாளரையோ எடைபோட இதழின் இம்பேக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தாதீர்கள் என்பதுதான் அதன் மையம். நிறைய நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. நான் மாணவர்களுக்குச் சொல்வது இது: 'இம்பேக்ட் ஃபேக்டர் 2.4' என்ற வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், கட்டுரை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது, எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதியில் பார்த்தது, அதில் எத்தனை நீங்களே உங்களை மேற்கோள் காட்டியது என்று ஒரு வரி. எந்த அமைப்பாவது பயிற்சியிலோ வழிகாட்டு நெறியிலோ அதைப் பயன்படுத்தியிருந்தால் அதற்கு இன்னொரு வரி. என் மாணவி இப்படி எழுதிய முதல் பட்டியலில் 9 மேற்கோள் என்று வந்தது, நான்கு அவருடையதே. நான்கையும் அப்படியே போட்டுத்தான் அனுப்பினார்.